தடுத்தல் வேறு, தண்டித்தல் வேறு

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலை, கல்லாற்றைக் கடந்ததும் 22 கொண்டை ஊசி வளைவுகளாக மேலேறுகிறது. இருபுறமும் காடு, இடையிடையே தேயிலை. தோட்டத் தொழிலாளர் வாழும் லயம் ஒன்றில் நடைபெற்ற கீதை வகுப்பின் முடிவில், தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த முதிய தாயார் ஒருவர் கேட்ட கேள்வியே இம்மாதப் பாடத்தின் பொருள்.

"சாமி, காட்டுப்பன்னி மேல பாய்ஞ்சா அரிவாளால வெட்டலாம், கேசு கிடையாதுங்கறாங்க. மனுசன் பாய்ஞ்சா?"

வகுப்பில் இருந்தோர் சிரித்தனர், அவர் சிரிக்கவில்லை. தாக்க வருபவனை எதிர்த்துத் தாக்கலாமா என்பது நூலறிவுக்காக எழும் வினா அன்று. இருட்டில் தனியே நடப்பவர்கள், குடிகாரனோடு ஒரே கூரையின்கீழ் வாழ்பவர்கள், காட்டோரத்தில் கிழங்கு பயிரிடுபவர்கள் ஆகியோர் அதனை நாள்தோறும் கேட்டுக்கொள்கிறார்கள். "அஹிம்சையே பரம தர்மம்" என்று சொல்லி நாம் அவர்களைக் கடந்து சென்றுவிடலாகாது.

அந்தத் தாயார் விலங்கிலிருந்து தொடங்கியது நமக்கு நல்லதாயிற்று. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 11-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு, தன்னையோ பிறரையோ காக்கும் பொருட்டு நல்லெண்ணத்துடன் ஒரு வனவிலங்கைக் கொன்றாலும் காயப்படுத்தினாலும் அது குற்றமாகாது என்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அவ்வேளையில் அவன் அச்சட்டத்தை மீறிய செயல் எதிலும் ஈடுபட்டிருக்கக் கூடாது. வேட்டையாடச் சென்றவன் தற்காப்பைப் பேச முடியாது. அடுத்த உட்பிரிவு இன்னும் சுவையானது. அவ்வாறு கொல்லப்பட்ட விலங்கு அரசின் உடைமை. கொன்றவனுக்கு அதன் இறைச்சியும் இல்லை, தோலும் இல்லை. கள்ள வேட்டையைத் தடுக்கவே இவ்விதியை எழுதினார்கள். எனினும் கர்ம யோகம் பயில்வோர் இதை ஒருமுறை நிதானமாகப் படிப்பது நல்லது. உயிரைக் காத்துக்கொள், அச்செயலிலிருந்து வேறெந்தப் பலனையும் எடுத்துச் செல்லாதே என்பதுதானே இதன் பொருள்!

2022 செப்டம்பரில் இடுக்கி மாவட்டம் மாங்குளத்தில் பழங்குடி விவசாயி ஒருவர்மீது சிறுத்தை பாய்ந்தது. கையிலிருந்த வெட்டுக்கத்தியால் அவர் அதனைக் கொன்று உயிர் பிழைத்தார். அது தற்காப்பே என ஏற்ற வனத்துறை அவர்மீது வழக்குப் பதியவில்லை. இந்நிகழ்ச்சியில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சிறுத்தையை எவரும் குற்றவாளி என்று சொல்லவில்லை. அதற்குப் பாவமும் இல்லை, தீய எண்ணமும் இல்லை. அதைத் தண்டிக்க வேண்டும் என்ற நினைவுக்கே அங்கு இடமில்லை. ஆயினும் அதைத் தடுக்கும் உரிமை அவருக்கு முழுமையாக இருந்தது. ஆகவே தற்காப்புரிமை, எதிரியின் குற்றத்திலிருந்து பிறப்பதன்று. வந்துள்ள ஆபத்திலிருந்து பிறப்பது.

மனிதரைப் பற்றிய சட்டமும் இதையே கூறுகிறது என்பதைப் பலர் அறியார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பற்றியவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 34 முதல் 44 வரை இடம்பெறுகின்றன, சாரம் மாறவில்லை. இவற்றில் 100-ஆம் பிரிவே, அதாவது இன்றைய 38-ஆம் பிரிவே, எங்கும் பேசப்படுகிறது. உயிருக்கு ஆபத்து, கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை, ஆள் கடத்தல் முதலியவை நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், தாக்குபவனின் உயிர் போகும் அளவுக்கும் எதிர்க்கலாம் என்பது அதன் கருத்து. அமில வீச்சு 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இதில் சேர்க்கப்பட்டது.

ஆயினும் தத்துவ மாணவனுக்கு 98-ஆம் பிரிவே (இன்று 36) முக்கியமானது. தாக்குபவன் சித்தம் கலங்கியவனாக இருக்கலாம். அறியாப் பருவத்தினனாக இருக்கலாம். தவறாகப் புரிந்துகொண்டு தாக்குபவனாகவும் இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அவன் குற்றமற்றவன். என்றாலும் அவனைத் தடுக்கும் உரிமை சிறிதும் குறையாது என்கிறது அப்பிரிவு. அங்கே தரப்படும் உதாரணம் ஒன்றில், தான் நுழைய உரிமையுள்ள வீட்டுக்குள் ஒருவன் இரவில் நுழைகிறான். மற்றவன் அவனைத் திருடன் என்று எண்ணித் தாக்குகிறான். தாக்கியவனும் குற்றவாளி அல்லன். தடுத்தவனும் குற்றவாளி அல்லன். இருவரும் நல்லவர்களே, ஆனால் இடையில் இருள் இருக்கிறது. அத்வைதம் பயில்வோருக்குக் கயிற்றரவு நினைவுக்கு வந்தால் வியப்பில்லை.

நம் முன்னோர் இதனை வேறொரு வழியில் அணுகினர். தீ வைப்பவன், நஞ்சிடுபவன், ஆயுதமேந்தி வருபவன் முதலியோரை ஸ்மிருதிகள் 'ஆததாயி' என்று அழைக்கின்றன. எதிரே வருபவன் குருவாயினும், முதியவனாயினும், வேதமறிந்தவனாயினும் தயங்க வேண்டாம் என்று மனு கூறுகிறார். கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் கௌரவர்களைக் குறிக்க இச்சொல்லையே ஆள்கிறான். ஆள்பவன், அவர்களைக் கொன்றால் பாவம் வந்து சேரும் என்றும் கூறுகிறான். அனுமதி இருப்பதை அவன் அறியாதவன் அல்லன். அனுமதி இருந்தும் மனம் ஏற்கவில்லை என்பதே அவன் துயரம்.

யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு மிதாக்ஷரா என்னும் உரை எழுதிய விஞ்ஞானேச்வரர், சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் காலத்தில் கல்யாண நகரில் வாழ்ந்தவர். இந்து வாரிசுரிமைச் சட்டம் படித்த வழக்கறிஞர்கள் அவர் பெயரை அறிவர். ஆனால் அவர் ஆததாயி பற்றி ஆராய்ந்திருப்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மனுவின் கூற்றைக் கொலைக்கான பொது அனுமதியாக அவர் கொள்ளவில்லை. கொல்ல வேண்டும் என்ற எண்ணமின்றி, தன்னைக் காக்கும் பொருட்டு ஆததாயியைத் தடுக்கையில், கைப்பிசகாக அவன் இறந்துபட்டால் அரச தண்டனை இல்லை. சிறிய பிராயச்சித்தம் மட்டும் உண்டு என்பது அவர் முடிபு. தடுக்கும் எண்ணம், கொல்லும் எண்ணம் என்ற இரண்டையும் அவர் பிரித்துவிட்டார். அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் ஐரோப்பாவில் தாமஸ் அக்வினாஸும் ஏறத்தாழ இதே பிரிவினையைச் செய்தார்: ஒரே செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம், தன்னுயிரைக் காத்தல் கருதிய விளைவு, மற்றவன் இறத்தல் கருதாத விளைவு. ஒருவர் எழுதியதை மற்றவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

விஞ்ஞானேச்வரர் சொன்ன அந்தச் 'சிறிய பிராயச்சித்தம்' என்ன என்பதற்குப் பின்னர் வருவோம். அதற்கு முன் எண்ணத்தை அளப்பது எவ்வாறு என்று பார்க்க வேண்டும். மனத்தினுள் இருப்பதை நீதிபதியால் பார்க்க இயலாது. ஆகவே சட்டம் எண்ணத்தைக் காலத்தால் அளக்கிறது. ஆபத்து நேரும் என்ற நியாயமான அச்சம் எழும் கணத்தில் உரிமை தொடங்குகிறது. முதல் அடி விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அச்சம் நீங்கும் கணத்தில் அது முடிகிறது. கத்தியைப் பிடுங்கிய பின், விழுந்தவன் எழமாட்டான் என்று தெரிந்த பின், ஓடுபவனின் முதுகில் விழும் வெட்டு வேறு செயல். அதன் பெயர் பழி. அதே வேளையில், உயிர் போகும் பதற்றத்தில் இருப்பவன் தன் அடியைப் பொற்கொல்லனின் தராசில் நிறுத்துப் பார்த்து அடிக்க முடியாது என்பதையும் நம் நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் ஏற்றுள்ளன. கோழைபோல் ஓடித்தான் ஆகவேண்டும் என்று சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை என உச்ச நீதிமன்றம் 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் தற்காப்பின் நெறிகளைத் தொகுத்துரைத்தபோது கூறியது. நல்லெண்ணத்துடன் செயல்பட்டு, பழிவாங்கும் நோக்கமின்றி எல்லையைக் கடந்துவிட்டவனைச் சட்டம் கொலைகாரன் என்று கொள்ளாமல் அதனினும் குறைந்த குற்றமாகவே கருதுகிறது.

2012 பிப்ரவரியில் மதுரையில் ஒரு தாய், பெற்ற மகளிடமே தகாத முறையில் நடக்க முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் தாக்கினார், அவன் இறந்தான். மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த அஸ்ரா கர்க், இது தற்காப்புரிமையின்பாற்பட்டது எனக் கொண்டு அத்தாயை விடுவித்தார். 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் பகுதியில், கத்திமுனையில் தன்னைத் தாக்க வந்தவனிடமிருந்து கத்தியைப் பறித்து அவனைக் குத்திய 19 வயதுப் பெண், தானே காவல் நிலையம் சென்றார். அவர் செயலும் 100-ஆம் பிரிவின்கீழ் தற்காப்பாக ஏற்கப்பட்டது. இருவரும் சிறையில் ஆண்டுக்கணக்கில் வாடாமல் காக்கப்பட்டது நியாயமே. விசாரணையே தண்டனையாகிவிடும் நாட்டில் இது சிறிய உதவி அன்று.

எனினும் தீர்மானிக்க வேண்டியது காவல் நிலையமா, நீதிமன்றமா என்ற ஐயம் நீங்கிவிடவில்லை. 'என்கவுன்டர்' நிகழும்போதும் காவல்துறை எடுத்துரைப்பது இதே தற்காப்புரிமையைத்தான். அதனால்தான் உச்ச நீதிமன்றம் 2014-இல் அத்தகைய மரணங்களில் சார்பற்ற புலனாய்வு வேண்டும் என்று நெறிகள் வகுத்தது. இரங்கத்தக்க தாய்க்காகத் திறக்கும் கதவின் வழியே நாளை யார் நுழைவார் என்று பார்க்கத்தான் வேண்டும். விரைவில் விடுவிப்பதும் வேண்டும். விடுவித்ததற்கான காரணங்களை ஒரு நடுவர் பார்ப்பதும் வேண்டும் என்பதே இவ்வெழுத்தாளனின் கருத்து.

இவ்வுரிமையை விரிவாக்க வேண்டும் என்போர் உலகெங்கும் உள்ளனர். அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2005-இல் இயற்றிய சட்டம், ஒருவன் சட்டப்படி இருக்கத்தக்க எந்த இடத்திலும் பின்வாங்கும் கடமை அவனுக்கு இல்லை என்றது. மதுரை நிகழ்ச்சி நடந்த அதே 2012 பிப்ரவரியில், அம்மாநிலத்தின் சான்ஃபோர்டு நகரில் ஆயுதம் ஏதுமற்ற 17 வயதுச் சிறுவன் டிரேவான் மார்ட்டின் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவர் தற்காப்பு என்று வாதிட்டார். 2013-இல் விடுதலையும் பெற்றார். அச்சம் நியாயமானதா என்று கேட்கும்போது, யாருடைய அச்சம், யாரைக் கண்ட அச்சம் என்ற வினாவும் உடன் எழுகிறது. சிலருடைய நிறமோ, சாதியோ, உடையோ பிறருக்கு அச்சம் தருவதாக ஒரு சமூகம் பழகிவிட்டால், விரிவான தற்காப்புரிமை எளியவனுக்குக் கேடயமாவதில்லை.

ஆனால் வேறொரு திசையில் நம் சட்டம் குறுகியதாகவே உள்ளது. 1837-இல் தண்டனைச் சட்டத்தின் வரைவை அளித்த மெக்காலே, இந்நாட்டு மக்கள் கொள்ளையரின் கொடுமையை மிகவும் பொறுமையாகச் சகித்துவிடுகிறார்கள் என்று வருந்தி, இவ்வுரிமைக்குத் தடைகளைப் பெருக்குவதைவிட மக்களிடம் துணிவை எழுப்புவதே தம் விருப்பம் என்று குறிப்பெழுதினார். நாட்டையே பிடித்துவைத்திருந்தவர்கள் நமக்குத் துணிவூட்ட விரும்பியது வேடிக்கைதான். அது நிற்க. அவர் மனக்கண்ணில் இருந்தவன் வழிப்பறிக்காரன். வெளியிலிருந்து வருபவன், வந்து போய்விடுபவன். வீட்டிலேயே இருப்பவனை அந்த வரைவு எண்ணிப் பார்க்கவில்லை. தினமும் அடிக்கும் கணவன் உறங்கும்போது மனைவியின் அச்சமும் உறங்கிவிடுமா? இங்கிலாந்தில் வாழ்ந்த பஞ்சாபிப் பெண்மணி கிரண்ஜித் அலுவாலியா பத்தாண்டுக் கொடுமைக்குப் பின் 1989-இல், படுத்திருந்த கணவன்மீது தீயிட்டார். கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்ற அவர், 1992-இல் மேல்முறையீட்டின் பின் குறைந்த குற்றத்தின்கீழ் விடுதலையானார். இங்கே சென்னை உயர் நீதிமன்றமும் 1989-இல், கணவன் கொடுமையால் குழந்தைகளுடன் கிணற்றில் வீழ்ந்து தான் மட்டும் பிழைத்த பெண்ணொருத்தியின் வழக்கில், திடீர்ச் சினத்தையே அன்றி நீண்டகாலக் கொடுமையையும் கருதவேண்டும் என்று கூறியது. அந்த மனநிலைக்கு நல்லதங்காளின் பெயரையே சூட்டியது. இவை தற்காப்புத் தீர்ப்புகள் அல்ல, தண்டனையைக் குறைத்தவை. அச்சத்தின் காலம் வீட்டுக்குள் வேறு விதமாக ஓடுகிறது என்பதைத் தற்காப்புச் சட்டம் இன்னும் முழுதாக ஏற்கவில்லை. விரிவாக்கம் வேண்டுமானால் அது வேண்டிய இடம் இதுவே.

மலையிலும் காலம் வேறு விதமாகத்தான் ஓடுகிறது. அரசின் உதவியை நாடப் போதிய அவகாசம் இருந்தால் தற்காப்புரிமை இல்லை என்று 99-ஆம் பிரிவு (இன்று 37) கூறுகிறது. நகரத்தில் அவகாசம் என்பது ஒரு தொலைபேசி அழைப்பு. வளைவு வளைவாக ஏறும் மலைச்சாலையில் யானை நிற்கும் இரவில், காவலரோ வனத்துறையினரோ வந்து சேர எத்தனை நேரம் ஆகும்? அவ்விடத்து மக்களின் செயலை அவ்விடத்து நேரத்தால்தான் அளக்க வேண்டும்.

இதே நியாயத்தைக் காட்டி, வராத ஆபத்துக்கு முன்னதாகவே கொல்லும் உரிமையைக் கேட்பது சரியன்று. காட்டுப்பன்றிகளைச் சுட ஆணையிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. 2025 அக்டோபரில் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா, மனிதரைக் கடுமையாகக் காயப்படுத்திய விலங்கைக் கொல்ல விரைந்து ஆணையிடும் அதிகாரத்தைத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அளிக்க முனைகிறது. பயிரிழந்தோரின் வேதனை உண்மையானது. இம்முடிவுகள் தேவையா என்று ஆராயலாம். ஆனால் அவற்றைத் தற்காப்பு என்று அழைக்க வேண்டாம். அவை அரசு எடுக்கும் நிர்வாக முடிவுகள். காடு சுருங்கியது ஏன், விலங்கு இறங்கியது ஏன் என்ற கேள்விகளோடு சேர்த்து நிறுக்க வேண்டியவை.

இனி அந்தப் பிராயச்சித்தம். தண்டனை இல்லை என்றான பின் பரிகாரம் எதற்கு? 106-ஆம் பிரிவின் (இன்று 44) உதாரணம் ஒன்று இதற்கு விடை தேட உதவும். கொல்ல வரும் கும்பலால் சூழப்பட்டவன் சுட்டாலன்றிப் பிழைக்க முடியாது. கும்பலில் சிறு குழந்தைகளும் கலந்திருக்கிறார்கள். குண்டு ஒரு குழந்தைமேல் பட்டாலும் அவன் குற்றவாளி அல்லன் என்கிறது சட்டம். அப்படியே ஆகட்டும். ஆனால் அன்றிரவு அவன் உறங்குவானா? 'குற்றமில்லை' என்பது 'ஒன்றுமே நேரவில்லை' என்பதாகாது. ஒரு கை ஓர் உயிரை நீக்கியிருக்கிறது. அந்தக் கைக்கு நீர் தெளிக்க வேண்டும் என்று அந்தப் பழைய உரையாசிரியர் உணர்ந்திருக்கிறார். நம் காலத்திலோ இரண்டில் ஒன்று நடக்கிறது. வீராங்கனை என்று கூட்டம் கூடிப் பாராட்டுகிறது. அல்லது கொலைகாரி என்று தெரு ஒதுக்குகிறது. எழுந்து வேலைக்குப் போகவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும், நடந்ததை யாரிடமேனும் சொல்லி அழவும் அவளுக்கு உதவுபவர் அரியர். நம் சத்சங்கங்கள் செய்யக்கூடிய வேலை இது. ஹோமமும் தானமும்தான் பிராயச்சித்தம் என்றில்லை.

அஹிம்சையை விரதமாகக் கொண்டவன் என்ன செய்வது என்று சிலர் கேட்பர். பிரம்மசாரியும் பாம்பும் என்ற கதையை நம் வாசகர்கள் அறிவர். கடிக்க வேண்டாம், சீறுவதை யாரும் தடுக்கவில்லை என்பது அதன் போதனை. ஆனால் சீற்றத்துக்கு அஞ்சாத ஒருவன் வந்தால் என்ன என்பதைக் கதை பேசவில்லை. கதைகளுக்கும் எல்லை உண்டு. காந்தியடிகள் அதைப் பேசினார். 1908 பிப்ரவரி 10 அன்று ஜோகன்னஸ்பர்க் தெருவில் மீர் ஆலம் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அவரைச் சாகும் அளவுக்குத் தாக்கினர். உடன் சென்ற தமிழ்ச் சமூகத் தலைவர் தம்பி நாயுடு தடுக்கப் புகுந்து தாமும் அடிபட்டார். நான் அங்கிருந்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும் என்று பின்னாளில் மூத்த மகன் கேட்டபோது, வன்முறையைக் கையாண்டேனும் தந்தையைக் காப்பதே உன் கடமையாயிருந்திருக்கும் என்று காந்தியடிகள் விடையளித்ததை 1920-இல் அவரே எழுதினார். தாக்கப்படும் பெண் அந்நேரத்தில் ஹிம்சை, அஹிம்சை என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை, தன்னைக் காத்துக்கொள்வதே அவள் முதற்கடமை என்று 1942-இல் எழுதியவரும் அவரே.

ஆனால் தம்மைப் பொறுத்தவரை அவர் வேறொன்று செய்தார். நினைவு திரும்பியதும், தம்மைத் தாக்கியவர்களைத் தண்டிக்க வேண்டாம் என்று அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். பிறரைத் தடுக்கச் சொல்வதற்கும் தண்டனையை மறுப்பதற்கும் இடையில் அவர் எந்த முரணையும் காணவில்லை. அவர் வேண்டுகோளையும் மீறி வழக்கு நடந்தது. மீர் ஆலம் சிறை சென்றார். அவ்வாண்டு ஆகஸ்ட் 16 அன்று, ஹமீதியா மசூதி மைதானத்தில் பதிவுச் சான்றுகளைத் தீயிட இந்தியர்கள் திரண்டனர். அக்கூட்டத்தில் மீர் ஆலம் எழுந்து, காந்தியைத் தாக்கியது தம் தவறு என்று கூறித் தம் சான்றையும் எரிக்கக் கொடுத்தார். காந்தியடிகள் அவர் கையைப் பற்றிக் குலுக்கினார்.